ஒரு விளக்குக்கு 96 ஆடுகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகள் என்று கணக்கு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று இவற்றுக்குப் பெயர். கிழடு தட்டியதைக் கழித்து, செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பாடு. அவர் காலத்துக்குப் பின் அவருடைய வழியினர் பாடு. சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அந்த இடையர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக அச்சாகிக் கிடக்கின்றன.

வரலாற்று நாவல் எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் தலையில் என்றென்றைக்குமான கடமை ஒன்றை ஏற்றிவைத்துவிட்டு அரசன் போய்விடுகிறான். மூன்றாம் தலைமுறையில் ஒருவனுக்கு ஆடு மேய்க்கவே பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வான்? ஒரு மழைக்காலத்தில் நோய் கண்டு பாதி மந்தை விழுந்துபோனால்? அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும்போது ஆடுகளைப் பிரித்துவிடலாம், உழக்கு நெய்யை யார் தலையில் கட்டுவது? கல்வெட்டு இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. பெயரைச் சொல்கிறது, ஊரைச் சொல்கிறது, அளவைச் சொல்கிறது, நிறுத்திக்கொள்கிறது. அது நிறுத்திய இடத்தில் நமக்கு வேலை தொடங்குகிறது.

இந்த இதழை வரலாற்றுப் புனைவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். அதிலும் தொகுதி தொகுதியாக எழுதி, தாமே அச்சுக்குக் கொடுத்து, தாமே கட்டிச் சுமந்து விற்கிறவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. மேலே சொன்ன இடையர் குடும்பம் ஒன்றைத் தொடர்ந்துதான் என் நாவல் வரிசை போய்க்கொண்டிருக்கிறது. எழுத்தாளனின் கடனைப் பற்றியும் வாசகர்கள் குறைந்துபோனதைப் பற்றியும் நம் சிற்றிதழ்கள் நிறையவே எழுதியிருக்கின்றன. இந்த வேலையில் இருக்கிற மகிழ்ச்சியைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதவில்லை. அதைச் சொல்வதற்கு இந்தத் தலையங்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மகிழ்ச்சி நீளத்தில் இருக்கிறது. நீளம் என்று பக்கங்களைச் சொல்லவில்லை, காலத்தைச் சொல்கிறேன். ராஜராஜன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தான். அது 1010. அதே கோயிலின் ஆடல் பணிக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைச் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். தெருவில் நடந்துபோய்க் கதவைத் தட்டலாம் போல இருக்கிறது. இவர்களில் யாராவது இறந்துபோனால், அல்லது ஊரை விட்டுப் போனால், நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. தலைமுறை மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய ஆவணம் இது. ஒரே நாவலில் ஒரே கதாநாயகனை வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது.

இன்னொரு முனையைப் பாருங்கள். திருப்பாம்புரம் கோயிலில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1201ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பஞ்சம் தாங்காமல் ஒரு வெள்ளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்மக்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். நெல் காசுக்கு மூன்று நாழி விற்ற காலம். இதைப் படித்ததும் நான் ராஜராஜன் காலத்துக் கணக்குக்குத் திரும்பிப் போனேன். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டு வட்டி நெல்லாகக் கொடுத்தால் மூன்று குறுணி, பணமாகக் கொடுத்தால் ஒன்றரை அக்கம். பன்னிரண்டு அக்கம் ஒரு காசு. ஆக வட்டி எட்டில் ஒன்று. அப்படியானால் ஒரு காசுக்கு 24 குறுணி நெல், அதாவது இரண்டு கலம். நாழியில் சொன்னால் 192. ஒரு முனையில் காசுக்கு 192 நாழி, மறு முனையில் மூன்று. இடைப்பட்ட இருநூறு ஆண்டில் காசின் மாற்றும் எடையும் இறங்கிவிட்டன, ஆகவே இரண்டும் ஒரே காசு இல்லை. அதுவும் கதைதான். காசு எப்படி இறங்கியது, இறங்கியதை முதலில் கண்டுகொண்டவர் யார், சந்தையில் தட்டானா, வரி கட்டப் போன குடியானவனா, கோயில் பண்டாரத்துக் கணக்கனா என்று யோசித்துக்கொண்டே இரவு போய்விடும். இப்படிப்பட்ட இரவுகளுக்காகத்தான் நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

அந்தத் தகப்பனும் மகள்களும் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் தம்மை விற்றுக்கொண்ட அதே அரசன் காலத்தில்தான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திரிபுவனம் கோயில் எழும்பியது. அந்த விமானத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். திருப்பாம்புரத்து வீட்டில் அன்றைக்கு முந்தைய இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதுவதற்கு நாவலாசிரியரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அதை நியாயமாக எழுத வேண்டுமானால், அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் எப்படி வாழ்ந்தது என்பதை வாசகர் முந்தைய தொகுதிகளில் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் வயலில் இறங்கி நடவு நட்டதை, வீட்டுத் திருமணத்துக்குக் கலக்கணக்கில் நெல் செலவானதை, பாட்டி கோயிலுக்கு ஒரு விளக்கு வைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் 110 காசு என்ற எண் வாசகரின் நெஞ்சில் இறங்கும். தொடர் நாவலின் பலம் இதில்தான் இருக்கிறது.

தமிழ் வரலாற்று நாவலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வந்தது. தஞ்சை, திருச்சி நாயக்கர்களின் காலத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த வகையைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுபோனது வாரப் பத்திரிகை. கல்கி தம் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை எழுதினார். மணியம் படம் வரைந்தார். வாரப் பத்திரிகை இல்லாமல் ஐந்து பாகத்துக்கு ஒரு கதையை வளர்த்திருக்க முடியாது, லட்சக்கணக்கானவர்களைக் காத்திருக்க வைத்திருக்கவும் முடியாது. கல்கியைப் படித்துத்தான் நம்மில் பாதிப்பேர் உடையார்குடிக்குப் போனோம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களையும் அவர்கள் சொத்து பற்றிய ஆணையையும் சொல்கிற கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. நாவலில் வருகிற ரவிதாசன் பெயர் கல்லில் இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்துகொண்டபோது உடம்பு சிலிர்த்தவர்கள் இந்த இதழைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பார்கள். ஏன் கொன்றார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. கல்கியும் முடிச்சை முழுக்க அவிழ்க்காமல் விட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

வாரப் பத்திரிகைக்கு ஒரு தாளம் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சோடு முடிய வேண்டும். அதற்கு அரண்மனையும் சுரங்க வழியும் மாறுவேடமும் ஒற்றனும் வேண்டும். சாண்டில்யனின் கடல்களும் குதிரைகளும் அந்தத் தாளத்தில் ஓடின, அழகாகவே ஓடின. ஓர் இடையர் குடும்பத்துக் கதையை அந்தத் தாளத்தில் சொல்ல முடியாது. ஆடு ஈனுவதற்கு ஐந்து மாதம் ஆகும். பால் கறந்து, தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்து உருக்கினால்தான் உழக்கு நெய். இதில் வாரக் கடைசியில் யாரை எந்தக் கதவுக்குப் பின்னால் நிறுத்துவது? பதிப்பகங்களையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதல் தொகுதி விற்ற கணக்கைப் பார்த்த பிறகுதான் அவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பேச முடியும். தொழில் நியாயம் அது. நான்காம் தொகுதியில்தான் கதை எங்கே போகிறது என்று தெரியும் என்கிற ஒருவருக்கு முன்பணம் கொடுக்க எந்தப் பதிப்பாளராலும் முடியாது. ஆகவே இந்த மாதிரி நாவலுக்குச் சொந்தப் பதிப்பு என்பது போக்கிடம் இல்லாமல் போய்ச் சேர்ந்த இடம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதற்கு இயல்பான வீடே அதுதான்.

தமிழில் இது புதிய வழியும் இல்லை. உ. வே. சாமிநாதையர் 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். புத்தகம் வருவதற்கு முன்பே அதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் அன்றைக்கு இருந்தார்கள். நம் சிற்றிதழ் மரபுக்கு இன்னும் நெருக்கமானவர் சி. சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ தொடங்கி 119 இதழ்கள் நடத்தினார். எழுத்து பிரசுரப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர் அவர். எண்பது வயதைக் கடந்த பிறகு, 1997இல், ‘சுதந்திர தாகம்’ என்ற நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். சத்தியாகிரகத்தில் சிறை சென்ற மனிதர், தம் இளமைக்காலத்து விடுதலைப் போராட்டத்தை, அன்றாடத்தின் அத்தனை விவரங்களோடும் எழுதினார். மறு ஆண்டு இறந்துபோனார். 2001இல் சாகித்திய அக்காதெமி அந்த நாவலுக்குப் பரிசு கொடுத்தது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தப் பரிசைப் பற்றி அல்ல. அந்த வயதில் மூன்று பாகத்துக்கும் மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்த மனிதருக்கு இருந்திருக்க வேண்டிய உற்சாகத்தைத்தான். அதை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிடக் கூடாது. உள்ளே பெரிய மகிழ்ச்சி இல்லாமல் அவ்வளவு பக்கங்களை யாராலும் தாண்ட முடியாது.

அச்சு வேலையின் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபாரம் ஒன்றுக்கு 16 பக்கம். நாவல் கடைசி ஃபாரத்தில் ஐந்து பக்கத்தோடு முடிந்தால் மிச்சம் பதினொன்று நம்முடையது. அந்தப் பக்கங்களில் ஒரு நில வரைபடம் போடலாம். காவிரியும் குடமுருட்டியும் வெட்டாறும் எங்கே பிரிகின்றன என்று காட்டலாம். குடும்பத்துக் கொடிவழியைப் போடலாம். உழக்கு, உரி, நாழி, குறுணி, கலம் என்று அளவு வாய்ப்பாட்டைப் போடலாம். எந்தக் காட்சிக்கு எந்தக் கல்வெட்டு ஆதாரம், எது முழுக்க என் கற்பனை என்று வாசகருக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம். இந்தக் கடைசிப் பட்டியலை ஒவ்வொரு வரலாற்று நாவலிலும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் நாவலில் படித்ததை வரலாறு என்று மேடையில் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். வாசகரை நம்புகிறவர் எல்லைக்கோட்டைக் காட்டத் தயங்க மாட்டார்.

விவரங்களைக் காப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. சோழர் காலத்து அடுக்களையில் மிளகாய் கிடையாது. அது போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, புகையிலை எதுவும் கிடையாது. கோபம் வந்தவனுக்கு மூக்கில் ஏறுவதற்கு மிளகுதான் இருக்கிறது. முதலில் இது கட்டுப்பாடு மாதிரித் தெரியும். கொஞ்ச நாளில் நாக்கே பழகிவிடும். மிளகும் புளியும் தயிரும் நெய்யுமாக ஒரு வீட்டின் வாசனை மனசுக்குள் உருவாகிவிடும். பிறகு எழுத உட்கார்ந்தவுடன் அந்த வீட்டுக்குள் போய்விடலாம். தொடர் எழுதுகிறவருக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது. ஒற்றை நாவல் எழுதுகிறவர் அந்த வீட்டைக் கட்டி முடிக்கும்போது காலி செய்ய வேண்டியதாகிவிடுகிறது.

நூலகத்தில் கிடைக்காத விவரங்கள் வயலில் கிடைக்கும். கோடையில் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருகிறார்கள். வயல்களில் கிடை போடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசினால், நூறு ஆட்டுக்கு எத்தனை கிடாய் போதும், எந்த மாதம் ஈற்று அதிகம், மழைக் குளிரில் எந்தக் குட்டி தாங்காது என்றெல்லாம் தெரிந்துகொள்ளலாம். ஒரு கீதாரியிடம் 96 ஆட்டுக்கு நாளும் உழக்கு நெய் என்ற கணக்கைச் சொன்னேன். அவர் வெகுநேரம் மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துவிட்டு, “குட்டிக்கு விடணுமே ஐயா, அதை யாரு கணக்குல எழுதினாங்க?” என்று கேட்டார். என் மூன்றாம் தொகுதியின் மையமே அந்தக் கேள்விதான். குட்டிக்கு விட வேண்டிய பாலுக்கும் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெய்க்கும் நடுவில் ஒரு பெண் நாள்தோறும் எடுக்கிற முடிவு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவருடைய சிக்கலை இன்றைக்கு ஆடு மேய்க்கிறவர் ஒரு வாக்கியத்தில் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

தொகுதிகளுக்கு நடுவே வாசகர்கள் நடந்துகொள்கிற விதம் தனியான இன்பம். ஒற்றை நாவலுக்கு வருகிற கடிதம் பாராட்டாகவோ குறையாகவோ இருக்கும். தொடருக்கு வருகிற கடிதம் வீட்டு விசேஷத்துக்கு வரப்போகிற உறவினர் எழுதியது மாதிரி இருக்கும். அந்தச் சின்னப் பையன் ஊருக்குத் திரும்பி வந்தானா, மருமகளுக்கும் மாமியாருக்கும் இப்போது பேச்சுவார்த்தை உண்டா என்று கேட்கிறார்கள். குறுவை அறுப்பையும் சம்பா நடவையும் பற்றித் தம் தாத்தா சொன்னதை மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்புகிறார்கள். அதில் ஒரு வரி அடுத்த தொகுதிக்குள் போய்விடும். சொந்தமாகப் பதிப்பிப்பதால் இந்தக் கடிதங்கள் நேராக எழுதுகிறவர் வீட்டுக்கே வருகின்றன. நடுவில் ஒரு மேஜைகூட இல்லை.

இன்றைக்கு இந்த வழியில் இறங்குவதற்கு முன்பிருந்த அளவுக்குப் பயம் தேவையில்லை. தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைக்க வேண்டியதில்லை. ஐம்பது அடிக்கலாம், தீர்ந்ததும் மறுபடி ஐம்பது. மூன்றாம் தொகுதியைப் படித்துவிட்டு முதலாவதைத் தேடி வருகிறவருக்குப் பிரதி இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. தொடருக்கு இது பெரிய உதவி. 2016 இறுதியில் கிண்டில் தமிழுக்கும் கதவைத் திறந்த பிறகு டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர் புத்தகம் வெளியான அன்றே படித்துவிடுகிறார். ஐ.எஸ்.பி.என். எண் நம் நாட்டில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு பிரதி கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். இதைச் சுமையாக நினைத்துத் தவிர்க்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: தவிர்க்காதீர்கள். 1896இல் திறந்த கன்னிமாராவுக்கு, நம் கையால் கட்டி, நம் கையால் முகவரி எழுதி ஒரு புத்தகத்தை அனுப்புவது நல்ல அனுபவம். திருப்பாம்புரத்துத் தகப்பனுக்கும் மகள்களுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கிறது.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தைச் சொந்தப் பதிப்பு வரலாற்று நாவல் வரிசைகளுக்கென்று ஒதுக்குகிறோம். நாவலின் பெயர், எத்தனையாவது தொகுதி, எந்தக் காலம், எந்த ஊர், எங்கே கிடைக்கும் என்ற விவரங்களை எழுதி அனுப்புங்கள். கட்டணம் இல்லை. அரசர் கதையானாலும் சரி, ஆட்டுக்காரர் கதையானாலும் சரி. ஆதாரப் பட்டியல் உள்ள புத்தகங்களுக்கு முதலிடம் தருவோம். முதல் தொகுதி அச்சில் இருந்து இரண்டாவதில் தடுமாறிக்கொண்டு நிற்பவர்கள் ஓர் அத்தியாயத்தை அனுப்பலாம். நம் பத்திரிகையில் வெளியிட்டு, வாசகர் எழுதுகிற கடிதங்களை ஒன்றுவிடாமல் உங்களுக்கே அனுப்பிவைக்கிறோம்.